கிளிப்படக்காரியைக் காணவில்லை

விடியப் பூப் பறித்து முடிந்ததும் ஓலைப்பெட்டியைக் கிணற்றுக்கட்டில் வைத்து ஒரு படம் எடுப்பேன். வெளிச்சம் அங்கேதான் வடிவாக விழும். படத்துக்குக் கீழே இரண்டு மூன்று வரி எழுதி, போனில் இருக்கிற என்னுடைய பக்கத்தில் போடுவேன். அதன் பிறகுதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிள்ளையார் கோயிலுக்குப் போவேன்.

அந்தப் பக்கத்தை உண்டாக்கித் தந்தது மகள். அவள் யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் அறை எடுத்து இருந்து வேலைக்குப் போகிறாள். சனி ஞாயிறில் கரவெட்டிக்கு வருவாள். என் புருசன் செத்த பிறகு மற்ற நாட்களில் வீட்டில் நான் தனி. "அம்மா, நீங்கள் ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை. உதிலையாவது எழுதுங்கோ" என்றாள்.

எனக்குக் கூச்சம் கூட. வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றுதான் மறுமொழி சொல்லுவேன். கலியாண வீட்டுப் பந்தியில் சோறு காணாவிட்டாலும் வாய் திறந்து கேட்கமாட்டேன். படித்ததும் ஐந்தாம் வகுப்பு மட்டும்தான். அப்படிப்பட்ட நான் என்னத்தை எழுதுகிறது? அதோடு ஒரு பயமும் இருந்தது. சாமிக்குப் பறித்த பூவை நாங்கள் மணந்துகூடப் பார்ப்பதில்லை. சாமி காண முதல் அதை ஊர் உலகத்துக்குக் காட்டலாமோ?

"படத்தாலை மணக்கேலாதெல்லே அம்மா" என்றாள் மகள்.

அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு தொடங்கினேன். முகம் போடவில்லை. பெயர் போடவில்லை. "இண்டைக்கு நந்தியாவட்டை குறைவு. மழை அடிச்சு எல்லாம் மண்ணிலை கொட்டிப்போச்சு." "ஆரின்ரையோ ஆடு வந்து அலரிக் கொப்பை முறிச்சுப்போட்டுது." இப்படித்தான் எழுதுவேன். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆட்கள் மறுமொழி எழுதினார்கள். அம்மா என்றார்கள், மாமி என்றார்கள், ஆச்சி என்றார்கள். எங்கள் வளவிலும் உந்தப் பூ நின்றது என்றார்கள். வாயால் வராத கதை எனக்கு விரலால் வந்தது. ஆளை ஆள் பார்க்கத் தேவையில்லை என்றால் நானும் ஒரு கதைகாரிதான் என்று இந்த வயதில்தான் கண்டேன்.

அவர்களில் ஒருத்தியைத்தான் நான் கிளிப்படக்காரி என்று சொல்லுவது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பச்சைக்கிளி வைத்திருப்பாள். பெயர் இங்கிலீசு எழுத்தில் இருந்தது, எனக்கு வாசிக்கத் தெரியாது. நோர்வேயில், புருசனும் போய், பிள்ளைகளும் இல்லாமல், ஒரு மாடி வீட்டில் தனிய இருக்கிறவள். அவள் அக்கா என்று எழுதுவாள், நான் தங்கச்சி என்று எழுதுவேன். வயது கேட்டதில்லை.

எங்களுக்குப் பதினொரு மணி ஆகும்போது அவள் எழும்பியிருப்பாள். நான் சோறு வடிக்கிற நேரத்துக்குப் போன் ஒருக்கால் கிணுங்கும். "கண்டன் அக்கா. இனித்தான் தேத்தண்ணி வைக்கப்போறன்." அவ்வளவுதான். சில நாள் இன்னொரு வரி இருக்கும். "எருக்கலம்பூவும் வைச்சிருக்கிறியள். நல்லது." ஒரு நாள் மட்டும் கொஞ்சம் கூட எழுதினாள். "படியிலை பனி உறைஞ்சு கிடந்து சறுக்கி விழுந்துபோனன் அக்கா. இடுப்பு நோகுது. நல்லகாலம் ஒருத்தரும் காணேல்லை." விழுந்ததைவிட, விழுந்ததை யாராவது கண்டிருப்பார்களோ என்பதுதான் அவளுக்குப் பயம். இவள் என்னுடைய ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சில நாளில் அவளுடைய மறுமொழி நின்றுபோனது.

முதல் நாள் சோறு வடித்து முடிந்தும் போன் கிணுங்கவில்லை. எங்கள் பக்கத்தில்தான் ஏதோ பிழை என்று நினைத்தேன். மற்றவர்கள் எல்லாரும் வழமைபோல வந்திருந்தார்கள். அடுத்த நாளும் கிளியைக் காணவில்லை. அதற்கடுத்த நாள், ஆர் ஆர் பார்த்தார்கள் என்று இருக்கிற பெயர்களை மேலிருந்து கீழே விரலால் தள்ளித் தள்ளித் தேடினேன். செவ்வந்திப் படம் இருந்தது, குழந்தைப் படம் இருந்தது, முருகன் படம் இருந்தது. பச்சையாக ஒன்று தெரிந்து மனம் துள்ளியது. பார்த்தால் யாரோ வாங்கின கார்.

மகளுக்குப் போன் எடுத்தேன்.

"ஒராள் லைக் போடேல்லையெண்டோ வேலை நேரத்திலை எடுத்தனீங்கள்?"

"லைக்கில்லையடி. அவள் தனிய இருக்கிறவள். விழுந்தும் போனவள்."

"ஆக்களுக்கு அலுத்துப்போனால் விட்டிடுவினம் அம்மா. உங்கடை பெட்டியிலை ஒவ்வொரு நாளும் அதே பூத்தானே."

வேறு நேரமென்றால் அந்தக் கதை எனக்குச் சுட்டிருக்கும். அன்றைக்கு அதைக் கேட்க ஆறுதலாக இருந்தது. அடுத்த நாள் பிள்ளையாருக்கு முன்னால் நின்று, அவளுக்கு என்னில் அலுப்பு வந்திருக்கவேண்டும், அதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று கும்பிட்டேன். இப்படி ஒரு வேண்டுதலை அவர் முன்னம் கேட்டிருக்கமாட்டார்.

தனியாக எழுதுகிற பெட்டியில் "தங்கச்சி சுகமோ" என்று எழுதி அனுப்பினேன். அவர்கள் வாசித்தால் நாங்கள் எழுதினதுக்குக் கீழே அவர்களுடைய படம் சின்னதாக வந்து நிற்கும் என்று மகள் சொல்லித் தந்திருந்தாள். கிளி வந்து நிற்கவில்லை. உலை கொதிக்கும்போது பார்த்தேன், கோழிக்குத் தீன் போடும்போது பார்த்தேன். வரவில்லை.

பக்கத்து வளவில் இருக்கிற மச்சாள், என் புருசனின் தமக்கை, கறிவேப்பிலை ஆய வந்தா.

"என்னடியப்பா, போனை மடியிலை வைச்சு அடைகாக்கிறாய்?"

சொல்லாமல் இருக்கமுடியவில்லை. சொன்னேன்.

"அவளுக்குப் பேரென்ன?"

"தெரியாது."

"ஆரின்ரை பிள்ளை?"

"தெரியாது."

"எந்த ஊர்?"

"வடமராட்சிப் பக்கமாக்கும். கதையைப் பாத்தால் அப்பிடித்தான் கிடக்கு."

"பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. ஒரு கிளிக்கோ இந்தப் பாடு?" மச்சாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. "தம்பி ஆசுப்பத்திரியிலை கிடக்கேக்கைகூட நீ உப்பிடி முழிச்சதை நான் காணேல்லை."

அப்போதும் முழித்தேன். இவவுக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான். சிரித்துக்கொண்டு போன மச்சாள் படலையடியில் நின்று திரும்பி, "தனிய இருக்கிறவள் எண்டால் ஆராவது போய்க் கதவை உடைச்சுத்தான் பாக்கவேணும்" என்று சொல்லிவிட்டுப் போனா. அவ அதைப் போகிற போக்கில் சொன்னா. எனக்கு அது போகவில்லை. நான் காணாத ஒரு கதவு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அந்தப் பக்கம் தேத்தண்ணி வைக்கிற கேத்தில் ஒன்று அடுப்பில். அதுக்குக் கீழே நிலத்தில் அவள்.

அன்று பின்னேரம் போன் படம் போட்ட அடையாளத்தை அமத்தினேன். முன்பின் தெரியாத ஒருவருக்கு நான் அழைப்பு எடுத்ததே இல்லை. வீட்டில் வேறு ஒருத்தரும் இல்லை, என்றாலும் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எடுத்தால் என்ன சொல்லுவது? "நான் பூப் போடுற அக்கா கதைக்கிறன்." அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மணி அடித்தது, அடித்தது, நின்றது. எடுக்கவில்லை. ஒரு கணம் எனக்கு நிம்மதி வந்தது. கதைக்கத் தேவையில்லையே என்ற நிம்மதி. அடுத்த கணம் அப்படி நிம்மதி வந்ததற்காக என்னை எனக்கே பிடிக்கவில்லை.

சனிக்கிழமை மகள் வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் பகிடியை விட்டுவிட்டாள். "சரி, கேட்டு ஒரு பதிவு போடுவம். தெரிஞ்ச ஆக்கள் ஆரும் சொல்லுவினம்."

இரண்டு பேருமாக எழுதினோம். கிளிப்படம் வைத்திருக்கிற தங்கச்சியைக் கொஞ்ச நாளாகக் காணவில்லை, நோர்வேயில் இருக்கிறவ, ஆருக்காவது தெரிந்தால் சொல்லுங்கோ என்று. படத்துக்கு அன்று பறித்த பூப்பெட்டியைத்தான் போட்டேன். செவ்வரத்தை அன்று பூக்கவில்லை. பெட்டி நிறைய வெள்ளை நந்தியாவட்டை.

அது பிழையாய்ப் போய்விட்டது.

முதலாவது மறுமொழி, "ஐயோ." இரண்டாவது, "ஆழ்ந்த இரங்கல்." அதற்குப் பிறகு ஒன்றின் பின்னால் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. ஓம் சாந்தி. ஆத்மா சாந்தியடைய வேண்டுகிறோம். கும்பிடுகிற கைகள், எரிகிற விளக்குகள், கண்ணீர் வடிக்கிற மஞ்சள் முகங்கள்.

"வாசிக்காமல் போடுதுகள் அம்மா" என்றாள் மகள். "வெள்ளைப்பூவைக் கண்டிட்டு முதலாவது ஆள் போட்டுது. மற்றதுகள் அதைப் பாத்துப் போடுதுகள்."

"எல்லாரும் அப்பிடியோ? ஒராளுக்காவது தெரியாமலோ?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

"இஞ்சை பார், இவர் நல்ல மனிசி எண்டு எழுதியிருக்கிறார். தெரியாமல் நல்ல மனிசி எண்டு எழுதுவினமோ?"

மகள் போனை வாங்கி, உங்களுக்கு அவவைத் தெரியுமோ என்று அந்த மனிதரிடம் கேட்டு எழுதினாள். கொஞ்சத்தால் பதில் வந்தது. "நேரிலை தெரியாது. ஒவ்வொரு நாளும் பூப் போடுற அம்மாதானே மோசம் போனவ?"

அவர் என்னைத்தான் செத்தவள் என்று நினைத்திருக்கிறார்.

மகள் கதிரையில் விழுந்து சிரித்தாள். "அம்மா, செத்தது நீங்களெண்டால் பதிவு போட்டது ஆர்?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருக்கிற என்னையே இத்தனை பேர் சேர்ந்து அனுப்பிவைக்கிறார்கள் என்றால், அந்தப் பிள்ளை உண்மையாகப் போயிருந்தாலும் இவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அந்த விளக்குகளுக்குள் ஒன்று மெய்யான விளக்காக இருந்தால் நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

"அழிச்சுவிடடி" என்றேன்.

"அழிச்சால் தெரிஞ்ச ஆக்களும் காணமாட்டினம்."

அதுவும் சரிதான். அழிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பூப் பறிக்கப் போனேன். நந்தியாவட்டையில் கை வைக்க மனம் வரவில்லை. செவ்வரத்தை இரண்டு பூத்திருந்தது. அதோடு திரும்பிவிட்டேன்.

சோற்றுக்கு அரிசி களைந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. மகள் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். திரை முழுக்கக் கிளி. நான் ஈரக்கையோடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எடுங்கோ அம்மா!"

அவளே அமத்தி, சத்தம் வெளியே கேட்கிற மாதிரி வைத்து, என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"அக்கா" என்றது ஒரு மெல்லிய குரல். "நான் சாகேல்லை."

ஈரக்கையைச் சீலையில் துடைத்துக்கொண்டே நின்றேன்.

"அக்கா, கேக்குதோ? நான் சாகேல்லையெண்டு உந்தச் சனத்துக்கு ஒருக்கால் எழுதிவிடுங்கோ. லண்டனிலை இருக்கிற என்ரை மச்சாள் உங்கடை பக்கத்தைப் பாத்திட்டு இஞ்சை எடுத்தவ. நான் ஹலோ எண்டவுடனை பயந்து வைச்சிட்டா."

"இடுப்பு?" என்றேன். அவளிடம் நான் வாயால் கேட்ட முதல் சொல் அதுதான்.

"இடுப்புச் சுகம் அக்கா."

"அப்ப ஏன் பிள்ளை வரேல்லை?"

"துடக்கு அக்கா" என்றாள்.

கனடாவில் அவளுடைய புருசனின் தமையன் செத்துப்போனதால் வந்த தீட்டு. "கதை பேச்சில்லை அக்கா. எங்கடை கலியாணத்துக்கே வராத மனிசன். எண்டாலும் துடக்குத் துடக்குத்தானே. முப்பத்தொண்டாம் நாள் மட்டும் காக்கிறன். விளக்கு வைக்கிறேல்லை. மச்சம் மாமிசம் தொடுறேல்லை."

"அதுக்கும் என்ரை பக்கத்துக்கும் என்ன?"

"உங்கடையிலை இருக்கிறது சாமிப்பூவெல்லே. கோயிலுக்குக் கொண்டுபோக முதல் போடுறனீங்கள். துடக்கோடை நான் அதிலை விரல் வைக்கலாமோ?"

"படத்திலைதானே பிள்ளை."

"படமெண்டாலும் நீங்கள் பூசைக்குக் கொண்டுபோற பூத்தானே. இஞ்சை கேக்கிறதுக்கு ஒருத்தரும் இல்லை. கூடாதாக்கும் எண்டு நினைச்சு விட்டிட்டன். உங்களிட்டை எழுதிக் கேப்பமெண்டால், அதுக்கும் உள்ளுக்கை போகவேணும். போனால் பூத்தான் முதல் நிக்கும். இண்டைக்கு வேறை வழியில்லாமல் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு அடிச்சனான்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நான் அவளை முறைத்தேன். எனக்கு இதில் பகிடி ஒன்றும் தெரியவில்லை. என் புருசன் செத்தபோது முப்பத்தொன்று முடியுமட்டும் நானும் பூமரத்துப் பக்கம் போகாமல் இருந்தவள்தான். என்ன, எனக்குச் சரி பிழை சொல்லச் சுற்றிவரச் சனம் இருந்தது.

"நான் உனக்கு அடிச்சனான். காணேல்லையோ?"

"கண்டனான் அக்கா. நீங்கள் சுகமோ எண்டு எழுதினதும் போனிலை மேலை தெரிஞ்சது. எடுத்தால் கதைக்கவெல்லோ வேணும்."

அவளுடைய வீட்டில் ஏதோ ஒரு மணிக்கூடு ஓடுகிற சத்தம் கேட்டது. "துடக்குக் கழிய வாறன் அக்கா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மகள் உடனே பக்கத்தில் அவ சுகமாக இருக்கிறா என்று எழுதினாள். அதற்குக் கீழேயும் ஒருவர் விளக்கு வைத்தார்.

எல்லாம் தீர்ந்தது என்று மகள் நினைத்தாள். எனக்குத் தீரவில்லை. முப்பத்தொன்று வர இன்னும் அரைவாசிக்கு மேலே நாட்கள் கிடந்தன. படியில் பனி அப்படியேதான் இருக்கும். இந்த நாளுக்குள் அவள் விழுந்தால் எனக்கு எப்படித் தெரியும்? இனி வராவிட்டால் துடக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பேன். முன்னம் காணவில்லை என்று பயப்படவாவது முடிந்தது.

"ஒவ்வொரு நாளும் எடுத்துக் கேளுங்கோவன்" என்றாள் மகள்.

"நானோ? அவள் எடுப்பாளோ?"

"அப்ப துடக்கெல்லாம் போனுக்கில்லையெண்டு சொல்லியிருக்கலாமே. நீங்கள் சொன்னால் கேப்பா."

சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பனிக்குள் தனிய இருந்து, கதை பேச்சில்லாத ஒரு மனிதருக்காக அவள் அதைக் காக்கிறாள். அதை ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திங்கட்கிழமை மகள் முதல் பஸ்ஸில் போய்விட்டாள். நான் பூப் பறித்து, படம் எடுக்காமலே கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். குசினிக்குப் பின்னால் புடலங்காய்ப் பந்தல். விடியப் பூத்த பூ இன்னும் சுருங்கவில்லை. வெள்ளை நூலைப் பிரித்துவிட்ட மாதிரி ஓரமெல்லாம் இழை இழையாக இருந்தது. இதை ஒருவரும் சாமிக்கு வைப்பதில்லை. கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்தால் ஐயர் சிரிப்பார். படம் எடுத்தேன். "இது கோயிலுக்குப் போற பூவில்லை. ஆரும் பாக்கலாம்" என்று எழுதிப் பக்கத்தில் போட்டேன். அவளுக்குத் தனியாகவும் அனுப்பினேன். திறக்காவிட்டாலும் அந்த முதல் வரி மேலே தெரியுமல்லவா.

"மாமி இண்டைக்கு மரக்கறிக் கடையோ" என்று கனடாவில் ஒருவர் கேட்டார். பதினொரு மணி ஆனது. போனை அடுப்படிக் கட்டில் வைத்துக்கொண்டு சோற்றைக் கிளறினேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மச்சாள், "என்னடியப்பா, கிளி பறந்து வந்திட்டுதோ?" என்று கூப்பிட்டா. இல்லை என்று கத்தினேன். கத்தின பிறகுதான், நான் கத்தினேன் என்பதே தெரிந்தது. சோறு வடித்து முடிந்தது. அந்த முதல் வரியையும் கண்ணை மூடிக்கொண்டு தள்ளியிருப்பாளோ? தனியாக அனுப்பினது அவளுக்கு வில்லங்கமாக இருந்ததோ? புளியைக் கரைத்தேன். கரைத்ததை மறந்து திரும்பவும் ஒரு உருண்டை புளியை எடுத்தேன்.

போன் கிணுங்கியது.

"கண்டன் அக்கா. பூவுக்குப் பின்னாலை பிஞ்சொண்டு வளையுது. கல்லுக் கட்டேல்லையோ?"

படத்தை இரண்டு விரலால் பெருப்பித்துப் பார்த்தேன். மெய்தான். மூலையில், இலைக்குள்ளே, ஒரு புடலம் பிஞ்சு கொக்கி மாதிரிச் சுருண்டுகொண்டிருந்தது. நுனியில் கல்லுக் கட்டித் தொங்கவிட்டால்தான் நேராக வளரும். எடுத்தது நான், எனக்குத் தெரியவில்லை. மறந்துபோனன் பிள்ளை என்று எழுதினேன்.

"எழுதிக்கொண்டு நிக்காமல் போய்க் கட்டுங்கோ. பிறகு நிமித்தேலாது" என்று வந்தது.

சட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஒரு கல்லும் நூலும் தேடிக்கொண்டு பந்தலடிக்குப் போனேன்.